முற்றத்தில் விழுந்த எண்பத்தேழு குறிகள்

நைஜர் ஆறு தன் கிழக்குக் கரையில் ஒரு செம்மண் மேட்டை இடித்துக்கொண்டு போகிற இடத்தில் இடா என்று ஓர் ஊர் இருக்கிறது, இகாலா மொழி பேசுகிற சனங்களின் ஊர். அங்கே ஒரு புழுதிக்காற்றுக் காலத்தில், கடிதங்களில் எழுதாமல் விடப்பட்ட புள்ளிகளும் கோடுகளும் கடிதத்துக்கு முன்னாலேயே புறப்பட்டு வந்து வீட்டு முற்றங்களில் விழ ஆரம்பித்தன. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் பெயர் ஞானாபரணம், மார்த்தாண்டத்துக்காரன், அப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். அவர்கள் பேசியதெல்லாம் என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்கிறேன், வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இகாலாவை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு உயிரொலி ஏழு, ஆங்கிலத்தில் இருப்பதோ ஐந்து எழுத்து, ஆகவே இரண்டு எழுத்துகளின் காலடியில் புள்ளி வைத்து ஏழாக்கிக்கொண்டார்கள். நாம் மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியை அவர்கள் உயிரெழுத்தின் காலடியில் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் போதும். குரல் ஏறுகிற இடத்தில் எழுத்தின் தலைமேல் ஒரு சாய்கோடு, குரல் இறங்குகிற இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு கோடு. மிஷன்காரர்கள் அச்சடித்த செபப் புத்தகத்தில் இவையெல்லாம் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் லாகோஸ் துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்து அம்மாவுக்கு நாலு வரி எழுதுகிறவன் புள்ளியா வைத்துக்கொண்டிருப்பான்? டைப்ரைட்டரில் அந்தப் புள்ளிக்கு விசையே கிடையாது. இல்லாமலும் புரியும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், விட்டவை ஒருநாள் வரத் தொடங்கின.

புள்ளிகள் கடுகு போலவும் கோடுகள் சீரகம் போலவும் இருந்தன. எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஏறுகிற கோடு ஏறுகிற பக்கமே சாய்ந்து கிடந்தது. முதல் வாரம் கோழிகள் அவற்றைக் கொத்தித் தின்றுவிட்டு உபதேசியார் செபம் வாசிக்கிற ராகத்தில் கொக்கரித்துக்கொண்டு திரிந்தன. இரண்டாவது வாரம் தபால் ஆபீசுக்காரர் ஸ்டாம்பு ஒட்டாமல் வருகிற எதுவும் சட்டப்படி செல்லாது என்று பலகையில் எழுதி மாட்டினார், மூன்றாவது வாரம் அவருடைய சொந்த முற்றத்திலேயே மகன் அனுப்பியவை விழுந்ததும் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். நாலாவது வாரத்துக்குள் ஊரில் அதற்கென்று ஒரு நடைமுறை வந்துவிட்டது. எல்லா வீட்டு வாசலிலும் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. விழுந்தவற்றை மெத்தென்ற ஈர்க்குமாறால் கூட்டி, வெளிப்பக்கம் தள்ளாமல் உள்பக்கமாக ஒதுக்கி, குடுக்கையில் போட்டு வைப்பார்கள். நாலைந்து நாள் கழித்துக் கடிதம் வந்ததும் தாளை விரித்து அதன்மேல் குடுக்கையைக் கவிழ்த்தால், ஒவ்வொன்றும் எறும்பு போல ஊர்ந்து போய்த் தன் இடத்தில் ஏறி நின்றுகொள்ளும். அப்புறம் யார் வாசித்தாலும் எழுதினவன் குரலிலேயே வாசிக்கலாம்.

மாதம் ஒன்று ஆனபோது யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை, குறைதான் சொன்னார்கள். உன் மகன் ரெண்டே வரிதான் எழுதியிருக்கான், ஒரு பிடிகூட விழவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் வாரினார்கள். பாதிரியார் கோயில் வாசலில் விழுந்தவை கோயிலுக்குச் சொந்தம் என்றார், இமாம் அப்படிச் சொல்லவில்லை, அதனால் அவருக்கு நல்ல பெயர். வெளியூரில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் விழுந்தது. என் அறை வாசலில் மட்டும் விழவில்லை, ஏனென்றால் எனக்கு எழுதுகிறவள் என் மனைவி செலின்பாய், ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அவள் எழுத்தில் ஒரு புள்ளி குறையாது. குறைந்ததெல்லாம் வேறு. அதைப் பற்றி நான் அவளிடம் கேட்டதும் இல்லை, அவளுக்கு எழுதியதும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த ஊரில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

நான் குடியிருந்தது உஃபேடோவின் வீட்டில். நடுவில் முற்றம், ஒரு பக்கம் என் அறை, எதிர்ப்பக்கம் அவள். நாற்பது வயதிருக்கும். ஒருவகைப் பயறை மாவாக்கி, செம்பனை எண்ணெய் விட்டுக் கரைத்து, வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைத்தால் ஒக்பா என்று ஒரு பலகாரம் வரும், அதைத் தினமும் காலையில் லாரி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் பெயர் அச்சிலே, எட்டு வருடத்துக்கு முன்னால் லாகோஸ் போனவன். முதல் வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவனுடைய அண்ணன் ஓச்சேஜா இரண்டு தடவை லாகோஸ் போய்த் துறைமுகத்தின் ஒவ்வொரு வாசலிலும் தம்பியின் போட்டோவைக் காட்டிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போனவனைப் பற்றி ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், அவன் படுத்த பாயில் அவன் சட்டையைச் சுருட்டி வைத்துப் புதைத்துவிடுவார்கள். அதன்பின் அவன் பெண்சாதி ஒரு வருடம் கறுப்புத் துணி உடுத்துவாள், அந்த ஒரு வருடம் முடிந்ததும் அவள் யாருக்கும் ஒன்றும் இல்லை, பிறந்த வீட்டுக்குப் போகலாம், இன்னொருவனைக் கட்டலாம். வீடு சகோதரனுக்குப் போகும். அந்த வருடம் பாயைப் புதைப்பதென்று ஓச்சேஜா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், அதோடு தம்பி உண்டா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட உட்காருவது அவருக்கு அலுத்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் உஃபேடோவின் முற்றத்தில் விழுந்தது. விளக்கு வைக்கிற நேரம், அவள் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தில் பொலபொலவென்று சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாரே, எனக்கு எழுதுதாரு," என்றாள்.

செத்தவன் எழுத மாட்டான். மறுநாள் காலையில் ஊரே அந்த முற்றத்துக்கு வந்துபோனது. ஓச்சேஜாவும் வந்து, குனிந்து, ஒரு கோட்டை விரல்நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வழி தப்பி வந்ததாக்கும். எவனோ எவளுக்கோ எழுதினது. இதுல எங்க தம்பி பேரா போட்டிருக்கு?" என்று கேட்டார். கடிதம் வரட்டும், அதில் ஏறி நின்றால் நான் ஒப்புக்கொள்கிறேன் என்றார். அது நியாயம்தான். எல்லோரும் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

கடிதம் வரவில்லை. குறிகள் மட்டும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தன. குடுக்கை நிறைந்தது, பானை நிறைந்தது, பனையெண்ணெய் டின் ஒன்று நிறைந்தது. எழுதுகிறான், தபாலில் போடவில்லை என்பது ஊருக்கு விளங்கியது, ஏன் போடவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரிய கடிதம், முடித்துவிட்டுத்தான் போடுவான் என்றாள் குழாயடியில் ஒருத்தி. கையிலேயே கொண்டுவரப் போகிறான் என்றார் உபதேசியார். உஃபேடோ இரண்டையும் நம்பினாள். டின்னை ஆட்டிப் பார்த்து, "இவ்வளவு எழுதுத ஆளு எவ்வளவு சொல்லணும்னு நெனச்சிருப்பாரு," என்பாள். அந்த மாதங்களில் அவள் நடையே மாறியிருந்தது, ஒக்பா விற்கிற கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போவாள். தனியாக இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் விருந்தாளி வந்தால் மற்றவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி எனக்கு இருந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன், கணக்கு வாத்தியார் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ஸ்கூலிலிருந்து கிராஃப் தாள்களைக் கொண்டுவந்து ஒட்டி, முற்றம் முழுக்க விரித்து வைத்தேன். எந்தக் குறி முதலில் விழுகிறது, எது அடுத்தது, எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அல்ல, நாலு சாயங்காலம். அவள் சிரித்துக்கொண்டே அனுமதித்தாள். நாலாம் நாள் நான் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பரீட்சையில் கடைசிக் கணக்குக்கு விடை வந்துவிட்ட பையனைப் போல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு நாளும் எண்பத்தேழு. நாலு நாளும் ஒரே வரிசை. ஓடிப்போய் அவளிடம் காட்டினேன்.

"இங்க பாரும்மா, தினமும் ஒண்ணுதான் விழுது. ஒரு குறிகூட மாறல்ல."

அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். அந்த மொழியில் சொற்களை எடுத்துவிட்டாலும் ராகம் மிஞ்சும், ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சனங்கள் ஆற்றின் அக்கரையில் இருப்பவனைச் சீட்டியில் கூப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே இழுத்தாள். ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஏறியது. பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிக் குறி வரை இழுத்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"சாரே, இது கடுதாசி இல்ல," என்றாள். "கடுதாசிக்கு முன்னால கேக்கதாக்கும். உடம்பு சுகமா, வீடு சுகமா, மழை வந்துதா, அண்ணன் சுகமா, அடுப்பு எரியுதா. எல்லாரும் இப்படித்தான் தொடங்குவாங்க."

நம் ஊரில் நலம் நலமறிய ஆவல் என்று எழுதுகிறோமே, அது.

"இதுக்குப் பொறவு?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பொறவுதான் எல்லாம் வரணும். எங்க இருக்காரு, ஏன் வரல்ல, யாரு கூட இருக்காரு. அது வரல்லியே. தெனமும் இதை எழுதுதாரு, நிறுத்திருதாரு." தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "வாசல்ல நிண்ணுக்கிட்டு சுகமா சுகமான்னு கேட்டுக்கிட்டே இருக்க ஆளு. உள்ளயும் வர மாட்டாரு, போகவும் மாட்டாரு."

அன்றைக்கு அவள் மறுநாள் பலகாரத்துக்கு மாவு அரைக்கவில்லை. அந்த டின்னை அவள் அதற்குப் பிறகு ஆட்டிப் பார்த்ததே இல்லை. நான் காட்டாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் பத்து வருடம் முணுமுணுத்துக்கொண்டு நடந்திருப்பாள். எனக்கு ஒரு வேலையும் இல்லாததால்தானே போய்க் கிராஃப் தாளை விரித்தேன்.

கடிதம் வராமலே மழைக்காலம் நெருங்கிவிட்டதால் ஓச்சேஜா குடும்பப் பெரியவர்களைக் கூட்டினார். குடும்பத்தில் மூத்தவர் அமோது, அவர் வீட்டு மாமரத்தடியில் வைத்துப் பேசுவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் குறி விழுந்திருந்தால் அச்சிலே உயிரோடு இருக்கிறான், உஃபேடோ மனைவி, வீடு அவளுக்கு. விழாவிட்டால் பாயைப் புதைத்துவிடலாம். தினமும் விழுகிற ஒன்றைப் பற்றி இப்படி ஒரு நிபந்தனை வைத்ததே அவளுக்குச் சாதகமாகத்தான், அமோதுவுக்கு அவள்மேல் பிரியம்.

முந்தின நாள் சாயங்காலம் நான் என் அறை வாசலில் நின்றேன். அவள் மாவு கரைத்த அகலச் சட்டியை முற்றத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, எண்பத்தேழும் வந்தன. சட்டிக்குள் விழுந்தவை போக வெளியே விழுந்தவற்றை ஒன்று விடாமல் பொறுக்கி அதே மாவில் போட்டாள். டின்னில் இருந்ததையும் பானையில் இருந்ததையும் கொட்டினாள். அகப்பையால் நன்றாகக் கலக்கி, வாழையிலையில் ஊற்றிக் கட்டி, வேகவைத்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை லாரி ஸ்டாண்டில் எந்த வண்டியும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஒக்பா தின்ற டிரைவர்கள் இறங்கி நின்று ஒருவரையொருவர் உடம்பு சுகமா, வீடு சுகமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு கிளீனர்கள் மழையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் கேட்டுக்கொண்டார்கள். நானும் இரண்டு தின்றிருந்தேன். வகுப்பில் நுழைந்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்து நாற்பத்திரண்டு பிள்ளைகளிடமும் இகாலாவில் சுகம் கேட்டேன், என் உச்சரிப்பைக் கேட்டு அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று பதில் சொன்னார்கள்.

பிற்பகல் மாமரத்தடியில் உஃபேடோவைத்தான் முதலில் கேட்டார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, "நேத்து ஒண்ணும் விழல்ல," என்றாள்.

அமோது வெகுநேரம் அவளைப் பார்த்தார். வீடு போய்விடும் என்பது தெரிந்துதான் பேசுகிறாளா என்று பார்த்திருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீரு வெளியூர்க்காரரு. இந்த மண்ணுல உமக்கு ஒரு பிடி நெலம் கெடையாது, அதனால நீரு எந்தப் பக்கமும் சாய வேண்டாம். நேத்து சாயங்காலம் முற்றத்துல குறி விழுந்துதா?"

விழுந்தது என்று நான் சொன்னால் அவளுக்கு வீடு இருக்கும், எனக்கு எதிர் அறை இருக்கும், சாயங்காலம் முறத்தில் பயறு புடைக்கிற சத்தம் இருக்கும். எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது, மறைப்பானேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மாமரத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழல்ல," என்றேன்.

ஓச்சேஜா எழுந்தார். வழக்கில் ஜெயித்தவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, தம்பி பெயரைச் சொல்லி, வாய்விட்டு அழுதார். இத்தனை நாளாக அவன் செத்தான் செத்தான் என்று வாதாடியவருக்கு அந்த நிமிஷம்தான் அது உறைத்தது. அமோது அவர் தோளில் கை வைத்தார். எல்லோரும் கலைந்து போனார்கள்.

நாலு நாள் கழித்து, சந்தை முடிந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். உஃபேடோ கறுப்புத் துணியில் வந்து, அச்சிலேயின் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தானே சுருட்டிப் பாயின் நடுவில் வைத்தாள். ஓச்சேஜா பாயைக் கயிற்றால் கட்டிக் குழிக்குள் இறக்கினார். உபதேசியாரின் செபம் நீண்டுகொண்டே போனது, அவர் எப்போதும் அப்படித்தான், யாரும் அவரை அவசரப்படுத்த முடியாது. வெளிச்சம் மங்கியது. விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

விழுந்தன. பாயின்மேல் விழுந்தன, உபதேசியாரின் திறந்த புத்தகத்தில் விழுந்தன, அமோதுவின் தொப்பியில், ஓச்சேஜாவின் தோளில், குழாயடிப் பெண்களின் கூந்தலில், என் சட்டைப் பையில். ஒவ்வொருவரும் பார்த்தோம். அத்தனை பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. உபதேசியார் புத்தகத்தை மெதுவாகச் சாய்த்து அவற்றைக் கீழே விழவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். ஓச்சேஜா தன் தோளைத் தட்டிவிடவில்லை, குனிந்த தலையோடு அப்படியே நின்றார். நான் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

செபம் முடிந்ததும் உஃபேடோ குழியின் விளிம்புக்குப் போனாள். அவள் அழுவாள் என்று இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் வந்தார்கள். அவள் அழவில்லை. அடுத்த வீட்டில் இருப்பவரிடம் சொல்வதைப் போல, சத்தம் கூட்டாமல், கேட்டதற்கெல்லாம் கேட்ட வரிசையிலேயே பதில் சொன்னாள்.

"உடம்பு சுகம். வீடு சுகம். மழை இன்னும் வரல்ல. அண்ணன் சுகமா இருக்காரு, இங்கதான் நிக்காரு. அடுப்பு எரியுது."

கொஞ்ச நேரம் நின்றாள், வேறு ஏதாவது கேள்வி வருகிறதா என்று பார்ப்பதைப் போல. பிறகு மண்வெட்டி பிடித்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "மண்ணைத் தள்ளுங்க," என்றாள்.

அவர்கள் தள்ளினார்கள்.